இரவச்சமும் ஓட்ட நோன்பும்

திருக்குறளில் 106ஆம் அதிகாரம் இரவு. 107ஆம் அதிகாரம் இரவச்சம். தக்காரிடம் கேட்பதில் இழுக்கில்லை என்று முன்னது தேற்ற, கேட்கும் நிலையே வாராதிருத்தல் வேண்டும் என்று பின்னது அஞ்சுகிறது. வகுப்பில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து நடத்தும்போதெல்லாம், "ஐயா, இவற்றுள் எது வள்ளுவர் கருத்து?" என்று மாணவர் வினவுவர். இரண்டும் அவர் கருத்தே என்று உரையாசிரியர் வழிநின்று விடை கூறி, நாமும் அடுத்த அதிகாரத்திற்குச் சென்றுவிடுவோம். சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர் அதே வினாவைத் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, அவ்விடை நமக்கே போதாமற் போயிற்று. அதுபற்றி இம்மலரில் நான்கு சொற்கள் எழுத விழைகிறோம்.

அம்மாணவர் நம் ஊராகிய கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்தவர். அன்னையார் அப்பளம் தேய்க்கும் தொழிலாளி. கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்றவுடன் நாவூறுவோர் பலர். உளுந்து மாவை உருட்டி, நாளெல்லாம் குழவி பிடித்துத் தேய்த்துத் தோள் நொந்துபோகும் பெண்டிரை நினைப்போர் சிலர். அந்த அம்மையாரும் அக்குளில் தோன்றிய கட்டியை வேலையால் வந்த வீக்கம் என்றே கருதிப் பல மாதங்கள் பொறுத்திருந்தார். மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறிய நாளில், மகன் நம் துறையில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சைக்கு வழியில்லாமற் போகவில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. 2009இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்று, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடைபெறும் திட்டம், தகுதியுள்ள ஏழைக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை துணை நிற்கிறது. அத்திட்டத்தின் அட்டை அக்குடும்பத்திடம் இருந்தது. ஆனால் நோய் என்பது மருத்துவமனைக் கட்டிலோடு முடிவதன்று. மூன்று வாரத்திற்கு ஒருமுறை மருந்தேற்றப் போய்வரும் பேருந்துச் செலவு, உடன் தங்குவோர்க்கு உணவு, வெளியில் எடுக்கச் சொல்லும் சோதனைகள், உடல் தேறப் பாலும் பழமும், இவற்றிற்கெல்லாம் மேலாக, தேய்க்காத அப்பளத்திற்குக் கிடைக்காத கூலி: இவை எந்த அட்டையிலும் அடங்கா. அடங்காத அந்தச் செலவுதான் வீட்டை அரித்தது.

நண்பர்கள் ஒரு வழி சொன்னார்கள். நாள்தோறும் விடியற்காலையில் 4 கிலோமீட்டர் ஓட வேண்டும். 32 நாள்கள் ஓட வேண்டும். கூட்டினால் 128 கிலோமீட்டர். நம் தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும்வரை சுமார் 128 கிலோமீட்டர் என்பது ஏடுகளில் காணும் கணக்கு. ஆற்றின் நீளத்தை அன்னைக்காக ஓடி முடிக்கும் மகனுக்கு, கிலோமீட்டருக்கு 1 ரூபாயாக, ஒருவர் 128 ரூபாய் தரலாகாதா? ஓடிய செய்தியை நாள்தோறும் கைப்பேசியில் அனுப்புவது. விரும்பியவர் கைப்பேசி வழியாகவே பணம் செலுத்துவது. இளைஞர் வழக்கில் இதற்குச் சேலஞ்ச் என்று பெயர். நாம் இதனை ஓட்ட நோன்பு என்று குறிக்க விரும்புகிறோம். குறித்த நாள்வரை உடலை ஒறுத்து, ஒரு வேண்டுதலைத் தாங்கி நிற்பது நோன்புதானே?

மாணவர் உடன்பட்டார். ஆயினும் தொடங்குவதற்கு முந்திய நாள் துறைக்கு வந்து, கதவோரம் நின்றவாறே கேட்டார்: "ஐயா, இதுவும் பிச்சைதானே?"

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. காரணம், அந்த வினா நம் வீட்டிற்குப் பழையது.

1999ஆம் ஆண்டு நம் வாப்பா சிறுநீரக நோயில் விழுந்தார்கள். சிறு பெட்டிக்கடை ஒன்றே குடும்பத்தின் வருவாய். நிலைமை அறிந்த ஜமாஅத்துப் பெரியவர்கள் வீட்டிற்கு வந்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் துண்டு விரித்து உதவி திரட்டுவதாக அன்போடு கூறினார்கள். வாப்பா மறுத்துவிட்டார்கள். "என் பெயரைச் சொல்லித் துண்டு விரிக்க வேண்டாம்" என்ற அச்சொல்லை நாமும் பெருமையாகவே எண்ணியிருந்தோம். அவர்கள் மறைந்த பின், வெற்றிலைப் பெட்டியைத் துடைத்து வைக்கத் திறந்தபோது, உள்ளே காகிதத்தில் மடித்த அரை மாத்திரைகள் இருந்தன. நாளுக்கு இரண்டு உட்கொள்ள வேண்டியதைப் பாதி பாதியாக முறித்து, ஒரு மாதத்து மருந்தை இரு மாதங்களுக்கு இழுத்திருக்கிறார்கள். இரவச்சம் என்னும் அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் அந்தக் காகித மடிப்பு நம் கண்முன் வந்து நிற்கும். மானம் பெரிது என்று மாணவர்க்குச் சொல்லும் தகுதி நமக்கு இருக்கலாம்; அம்மானத்திற்கு விலையாக எதனைக் கொடுத்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே அம்மாணவரை அமரச் செய்து, இத்தகைய ஓட்டங்கள் உலகில் எவ்வாறு நடந்தன என்று சேர்ந்தே ஆராய்ந்தோம்.

கனடா நாட்டு இளைஞர் டெர்ரி பாக்சு, எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலக்காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12ஆம் நாள், செயற்கைக் காலுடன் அந்நாட்டின் கீழைக் கடற்கரையில் தொடங்கி, நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நாட்டு மக்கள் தலைக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. அடுத்த ஆண்டு சூன் திங்களில், தம் 22ஆம் வயதில் மறைந்தார். அதற்குள் அவர் விரும்பிய 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டிருந்தது. இன்றும் அவர் பெயரால் பல நாடுகளில் ஓட்டங்கள் நடைபெறுகின்றன.

இங்கிலாந்தில் டாம் மூர் என்னும் முதிய படைவீரர், கொரோனாத் தொற்று பரவிய 2020இல், 100 வயது நிறைவதற்குள் நடைச்சட்டத்தை ஊன்றியவாறு தம் தோட்டத்தில் 100 சுற்று வருவதாகக் கூறி, மருத்துவப் பணியாளர் நலனுக்காக 1,000 பவுன் திரட்டத் தொடங்கினார். ஒரு சுற்று 25 மீட்டர். சேர்ந்த தொகையோ 3 கோடிப் பவுனுக்கு மேல்.

இவ்விருவரும் பிறர்க்காகக் கேட்டவர்கள். தம் வீட்டு நோய்க்காக ஓடியவர் நம் நாட்டிலேயே உண்டு. மராட்டிய மாநிலம் பாராமதிப் பகுதியைச் சேர்ந்த லதா பகவான் கரே, அறுபது வயதைக் கடந்த உழைப்பாளிப் பெண்மணி. கணவரின் நோயைக் கண்டறிய மருத்துவர் எழுதிய ஸ்கேன் பரிசோதனைக்குப் பணமில்லை. மூத்தோர்க்கான ஓட்டப் பந்தயத்தில் பரிசுப்பணம் உண்டென்று கேள்வியுற்று, கட்டிய புடவையோடு வெறுங்காலில் ஓடி வென்றார். அவர் வாழ்வு 2020இல் மராத்தித் திரைப்படமாயிற்று. அவரே அதில் நடித்தார். 2021இல் அறிவிக்கப்பெற்ற தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பும் பெற்றார். நாடு அவர் வெறுங்காலைக் கண்டு வியந்தது. ஒரு பரிசோதனைக்காக ஒரு மூதாட்டி ஏன் வெறுங்காலில் ஓட வேண்டும் என்ற வினாவோ, அந்த வியப்பின் ஆரவாரத்தில் மெல்ல அடங்கிப்போயிற்று.

இவற்றையெல்லாம் பேசி முடித்தபின் மாணவர்க்கு நாம் கூறிய விடை இது: ஓட்ட நோன்பு பிச்சையன்று. நோயின் முன் கைகட்டி நிற்கும் பிள்ளைக்குச் செய்வதற்கு ஒரு செயலை அது தருகிறது. அன்னைக்கு மருந்தேற்ற மகனால் முடியாது. நோவை வாங்கிக்கொள்ள முடியாது. விடியலில் எழுந்து ஓட முடியும். அன்றியும், 'பணம் தாருங்கள்' என்று ஒரே நாளில் ஒரு பெருஞ்சுமையாகக் கேட்க வேண்டியதை, 'இன்று ஏழாம் நாள், ஓடி முடித்துவிட்டேன்' என்று 32 சிறு செய்திகளாக அது பகுத்துத் தருகிறது. கேட்பவர் தலை குனிய வேண்டியதில்லை. கொடுப்பவரும் முகம் திருப்ப வேண்டியதில்லை. இரவிற்கும் இரவச்சத்திற்கும் இடையே உள்ள ஒடுங்கிய பாதையில் இவ்வாறு ஓடிச் செல்லலாம் என்றோம்.

அவர் ஓடினார். புகைவண்டி நிலையத்தில் தொடங்கி, ஆற்றுப்பாலம் கடந்து அம்பாசமுத்திரம் நோக்கிச் சென்று திரும்புவது அவர் வழி. ஓடுவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் உடலைக் காட்டிக்கொள்ளுமாறும், பழக்கமில்லாத கால்களாதலின் முதல் வாரம் பாதி ஓட்டம் பாதி நடையாகச் செல்லுமாறும் கூறியிருந்தோம். நோயாளியைத் தாங்க வேண்டியவர் தாமே நோயாளியாகிவிடலாகாதன்றோ?

ஒன்பதாம் நாள் அவர் ஓடவில்லை. அன்னையார்க்கு மருந்தேற்றும் நாள் அது, இரவெல்லாம் வாந்தி, மகன் உடனிருந்தார். மறுநாட் காலை, பணம் தந்த ஒருவரிடமிருந்து கைப்பேசியில் ஒரு கேள்வி வந்தது: "ஒன்பதாம் நாள் கணக்கு எங்கே?" விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். கேட்டவரைக் குறைகூறும் நோக்கம் நமக்கில்லை. மாணவர் அன்று 8 கிலோமீட்டர் ஓடினார். கால் பிசகி, வகுப்பிற்கு நொண்டியபடி வந்தார். ஏன் என்று வினவியபோது, "காசு வாங்கியிருக்கேனே ஐயா" என்றார்.

நம் கருத்தின் மறுபாதி அந்த நொண்டிய காலிலிருந்து பிறந்தது. கேட்பவர் தம் மானம் காக்கத் தாமே மேற்கொண்ட நோன்பை, கொடுப்பவர் கூலிக் கணக்காக மாற்றிவிடுதல் எளிது. 128 ரூபாய் கொடுத்தவர் 128 கிலோமீட்டரை விலைக்கு வாங்கியவராகார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே பரிசில் கொடுத்து விடுத்தபோது, பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுத்தார் என்பதைப் புறநானூற்றின் 208ஆம் பாடலால் அறிகிறோம். வறியவரே ஆயினும் பொருளுக்காக மட்டும் வந்தவராகத் தம்மை எண்ணிவிடலாகாது என்பது அப்புலவரின் சினம். அன்பொடு கண்டு சிறிதளவு தந்தாலும் போதும் என்பது அவர் வேண்டுகோள். கைப்பேசித் திரையில் ஓடுபவரின் கால்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்து, மருந்தேற்றும் கட்டிலருகே அமர்ந்திருக்கும் மகனைக் காணாத கொடையும் காணாது ஈந்த கொடையே.

இன்னொரு தடையும் உண்டு. கால் உரமுள்ள பிள்ளை ஓடலாம். கேட்பவர் நெஞ்சைத் தொடும் வகையில் நான்கு வரி எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பணமும் சேரலாம். முதிய மனைவியைப் பேணும் முதிய கணவர் எவ்வாறு ஓடுவார்? படிப்பை நிறுத்திவிட்டுத் தாயருகே அமர்ந்துவிட்ட பெண்பிள்ளை விடியற்காலையில் தனியே எந்தச் சாலையில் ஓடுவாள்? நோயின் கடுமைக்கு ஏற்ப அல்லாமல், காட்சியின் கவர்ச்சிக்கு ஏற்ப உதவி பாயுமாயின், அது மேட்டிற்கு நீர் இறைத்துப் பள்ளத்தைக் காயவிட்ட கதையாகும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று கொடையை மறைக்கச் சொன்ன நெறியில் வளர்ந்த நாம், கேட்பவரை மட்டும் ஊரறியக் கேட்கச் செய்வது முறையாகுமா என்பதையும் எண்ண வேண்டும்.

எனவே ஓட்ட நோன்பை மேற்கொள்வோர்க்கு மூன்று வரம்புகள் வேண்டும் என்று கருதுகிறோம். முதலாவது, நோயுற்றவரின் இசைவு. தாயின் நோய் மகனுக்குரிய செய்தி மட்டுமன்று. அவர் முகமும் நோயின் பெயரும் வெளியே செல்லலாமா என்பதை அவரே கூற வேண்டும். நம் மாணவரின் அன்னையார், நோயைச் சொல்லலாம், படம் வேண்டாம் என்றார். கடைசிவரை படம் வெளிவரவில்லை.

இரண்டாவது, கணக்கு. டாம் மூர் நடந்து திரட்டிய தொகை உரிய இடம் சேர்ந்தது. ஆயினும் பின்னாளில் அவர் பெயரால் குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளையின் நிர்வாகத்தில் முறைகேடுகள் நிகழ்ந்தன என்று அந்நாட்டு அறக்கொடை ஆணையம் 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. நல்ல மனிதரின் நூறு சுற்றுகளின்மீது அந்நிழல் விழலாமா? நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நாள், வரவு, செலவு என்று மூன்று பத்தி போட்டு எழுதினாலே போதும். அதனைக் குடும்பத்திற்கு வெளியே ஒருவர் பார்வையிட வேண்டும்.

மூன்றாவது, எல்லை. இத்தனை நாள், இன்ன செலவு, மிஞ்சினால் இன்ன வழி என்று முன்னரே சொல்லிவிட வேண்டும். நோய் நீளலாம், ஓட்டம் நீளலாகாது.

கொடுப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. ஓட்டத்திற்காகக் காத்திராமல் கொடுப்பதே அது. இதற்கு வழிகாட்டி வெகுதொலைவில் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தவர். ஒரு வீட்டில் நிகழ்ந்த அத்துயரத்தை அவர் பொதுப்பணியாக மாற்றினார். பல்லாண்டு முயன்று, பொதுமக்கள் துணையோடு 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்து வருபவர் தனித்தனியே கையேந்த வேண்டாத ஓர் இடம் அதனால் உண்டாயிற்று. நம் அளவில் 12 படுக்கை இயலாது. 12 உறைகள் இயலும். நம் துறை ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் திங்கள்தோறும் 100 ரூபாய் ஒதுக்கி, நோயுற்ற பெற்றோரையுடைய மாணவர்க்குப் பேருந்துச் செலவும் உணவுச் செலவும் ஓசையின்றிச் சேரும்படி ஒரு துணைநிதியை இம்மலர் வெளிவரும் இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டுமென முன்மொழிகிறோம். பெயர்ப் பலகை வேண்டா, விழா வேண்டா. கணக்கு நோட்டு மட்டும் வேண்டும்.

மாணவர் 32ஆம் நாளை முடித்தார். நோட்டின் கடைசிப் பக்கம் வரை நாம் பார்வையிட்டோம். ஒரு ரூபாய்கூட வழி தவறவில்லை. மிஞ்சிய சிறு தொகையை, முன்னரே சொல்லியிருந்தபடி, அதே மருத்துவமனைக்குத் தாயை அழைத்துச் செல்லும் வேறொரு குடும்பத்திடம் சேர்த்துவிட்டார். அன்னையார் அறுவை சிகிச்சைக்குப் பின் தேறி வருகிறார். அந்தக் கைக்குக் கடும் வேலை ஆகாதென்று மருத்துவர் தடுத்திருப்பதால், இப்போது தேய்ப்பதில்லை. அடுக்கிக் கட்டும் வேலை செய்கிறார். சென்ற திங்கள் மகன் வழியாக நம் துறைக்கு அப்பளக் கட்டு ஒன்று அனுப்பியிருந்தார். விலை கொடுக்க முயன்றோம். மாணவர் வாங்கவில்லை. பெருஞ்சித்திரனாரை நடத்தும் நாம் அதற்குமேல் வற்புறுத்தவும் இல்லை.

நம் ஊரையொட்டிப் பாயும் கன்னடியன் கால்வாய்க்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. நோயுற்ற அரசன் ஒருவன் தன் நோய் நீங்க வேண்டிப் பொன்னைத் தானமாகக் கொடுத்தானாம். அதனைப் பெற்ற கன்னட நாட்டு இளைஞர், தமக்கென வைத்துக்கொள்ளாமல், அகத்திய முனிவர் சொற்படி ஒரு பசு நடந்த வழியே கால்வாய் வெட்டினாராம். கதை மெய்யோ பொய்யோ, ஒருவர் நோயை முன்னிட்டு வந்த பொன் ஊர் வயல்களுக்கெல்லாம் நீராயிற்று என்று நம் முன்னோர் நினைவில் வைத்திருந்தனர். அக்கால்வாயின் கரையில்தான் நாமும் வளர்ந்தோம். இன்றும் அதில் நீர் வரும் நாளில், எவரும் கேளாமலே மடைகள் திறக்கின்றன. அரை மாத்திரையை மடித்து வைக்கும் இன்னொரு தந்தை இவ்வூரில் எந்த வீட்டில் இருக்கிறார் என்று நாம் அறியோம். அவர் பிள்ளை நம் வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். அவர் வந்து கதவோரம் நிற்குமுன் நாம் சென்று கேட்போம்.